வாசற்படிக்கு அடியில்

கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்கள் எல்லாம் நிமிர்ந்து இருந்தன.

ரஸ்மியா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். சோற்றுக் குண்டான், அலுமினியச் சட்டி, தயிர்க் கிண்ணங்கள், இடை சிறுத்த தேநீர்க் கண்ணாடிகள், மாவு பிசைகிற பெரிய தாம்பாளம்கூட. முந்தின மாலை அவளே ஒவ்வொன்றாகக் கழுவி, தூசி விழாமலிருக்கப் பழைய துணியை விரித்து அதன்மேல் வாய் கீழாக வைத்தவை. இப்போது எல்லாம் வாயைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி, ஒன்றோடொன்று இடிக்காமல், அவள் வைத்த அதே வரிசையில் இருந்தன. இரவுக் காற்று கொண்டுவந்த மண் ஒவ்வொன்றின் அடியிலும் மெல்லிய தோல் போலப் படிந்திருந்தது.

"மாமி, நீங்களா இதையெல்லாம் நிமித்தி வச்சது?"

முற்றத்தில் ரொட்டி அடுப்புக்குப் பருத்திக் குச்சி ஒடித்துக்கொண்டிருந்த மாமியார் ஸக்கியா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊரில் எல்லோரும் அவளை மூத்த மகன் பெயரால் உம் ஹாத்திம், ஹாத்திமின் தாய், என்றுதான் கூப்பிட்டார்கள். இந்த மூன்று வாரமாக அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவள் முதுகு ஒரு விரற்கடை நிமிர்ந்தது.

"எனக்கென்ன வேற வேலை இல்லையா? என் பிள்ளை வச்சிருப்பான். சிறையில எட்டு வருஷம் குவளைய நிமித்திப் பிடிச்சாத்தானே கஞ்சி ஊத்தியிருப்பானுங்க? பழக்கம். புருஷன் உசுரோட திரும்பி வந்திருக்கான், இவளுக்குச் சட்டி முக்கியமாப் போச்சு."

ரஸ்மியா எல்லாவற்றையும் மறுபடி கழுவினாள், மறுபடி கவிழ்த்தாள். மறுநாள் காலையிலும் அவை நிமிர்ந்திருந்தன. அதற்கடுத்த நாளும்.

அவளுக்குப் பயமாக இல்லை. கோபமும் இல்லை. கணவன் ஹாத்திம் எல்லைப் போரில் பிடிபட்டான் என்று செய்தி வந்தபோது அவள் வயிற்றில் மூன்று மாதம். முதல் இரண்டு வருடம் வானொலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கைதிகளின் கடிதம் கொண்டுவருகிற வண்டி எந்தச் சந்தில் திரும்பினாலும் ஓடினாள். ஒரு கடிதமும் வரவில்லை. மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு நாள் மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது, அவனைப் பற்றி நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த காலைத் தொட்டால் அது யாருடைய காலோ என்று இருக்குமே, அப்படி இருந்தது. அன்றிலிருந்து அப்படியேதான். மகள் இன்திஸாருக்குத் தலை வாரினாள், மாமியாருக்குக் கால் அமுக்கினாள். குளிர்காலம்தோறும் நுஃபர் மேட்டில் அகழ்வாராய்ச்சி நடக்கும்போது அங்கே போய், மண்ணிலிருந்து வந்த பழைய பானை ஓடுகளைத் தொட்டி நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவினாள். யாராவது "பாவம்" என்றால், யாரைச் சொல்கிறார்கள் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது.

அதனால்தான், அந்த ஆகஸ்டு மாதத்து நண்பகலில், தெருவில் ஒரு நாய்கூட இல்லாத வேளையில், ஒல்லியாக, தாடியோடு, கையில் ஒரு துணிமூட்டைகூட இல்லாமல் ஒருவன் வாசலில் வந்து நின்று "ரஸ்மியா" என்று கூப்பிட்டபோது, மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு அலறி மயங்கி விழுந்தாள், பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் குலவையிட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள், இவள் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் ஹாத்திமின் முகம். குரல் ஹாத்திமின் குரல். இடது புருவத்தில் இருந்த வெட்டும் இருந்தது.

"பஸ்ஸெல்லாம் இன்னும் எல்லையில நிக்குது. நான் முன்னாலயே வந்துட்டேன்" என்றான்.

கைதிகளைச் சண்டை போட்ட இரண்டு நாடும் மாற்றிக்கொள்ளப் போகின்றன என்று வானொலி சொல்ல ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தெற்கே குவைத்தில் வேறொரு குழப்பம் தொடங்கியிருந்தது. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று கணக்குப் பார்க்க ஊரில் யாருக்கும் தெளிவில்லை. பிள்ளை வந்துவிட்டான், அவ்வளவுதான்.

அவன் குனிந்து, கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சிறுமியைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்திஸார், அப்பாகிட்ட வா."

அந்தப் பெயரை அவனுக்கு யாரும் எழுதியதில்லை.

*

பக்கத்து வீட்டு நஜீபாவின் கணவனும் கைதிதான். அவன் பெயர் இன்னும் வானொலியில் வரவில்லை. அவள் மகன் ராயித் பெயரால் அவளை உம் ராயித் என்பார்கள். மதில் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பேட்டரி வானொலியைக் கன்னத்தோடு அணைத்தபடி அவள் ரஸ்மியாவைக் கேட்டாள்:

"ஏண்டி உம் இன்திஸார், உன் மூஞ்சியப் பாத்தா புருஷன் வந்த மாதிரியே இல்லையே. ரெண்டாவதா ஒரு மாமியா வந்த மாதிரில்ல இருக்கு?"

"தூக்கம் இல்ல."

"இருக்காதுதான், எப்படி இருக்கும்! எட்டு வருஷப் பாக்கியாச்சே!" நஜீபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுக்காரரைப் பத்தி எதுவும் சொன்னாரா? ஒரே முகாம்லதான் இருந்தாங்கன்னு யாரோ சொன்னாங்க."

ரஸ்மியா அதை அவனிடம் முன்பே கேட்டிருந்தாள். அதற்கு அவன், "கீழே யாரோட முகமும் தெரியாது" என்று மட்டும் சொன்னான்.

அவன் எப்போதும் 'கீழே' என்றுதான் சொன்னான். முகாம் என்றோ சிறை என்றோ ஒருநாளும் சொன்னதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் கதவுகளைச் சாத்தி, நனைத்த வைக்கோல் அடைத்த கூலர் ஓடிக்கொண்டிருக்க, வீடு ஈர வைக்கோலின் வாசனையோடு அரை இருட்டாகக் கிடக்கும் வேளையில், இன்திஸாரை மடியில் வைத்துக்கொண்டு கதை சொல்வான். "கீழே இருட்டா இருக்கும் கண்ணு. தலைக்கு மேல வானம் இருக்கும், ஆனா வளைஞ்சு, மூடி, கையால தொடற தூரத்துல. அதுல முழுக்க எழுத்து. சுத்திச் சுத்தி எழுதியிருக்கும். படிச்சுக்கிட்டே போனா முடிவு வராது. முடிஞ்ச இடத்துல மறுபடி ஆரம்பிக்கும்." சுவரில் கைதிகள் கிறுக்கி வைத்ததைச் சொல்கிறான் என்று மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரஸ்மியா நாணல் பாயின் மறுகோடியில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கூலரின் உறுமலுக்கு அடியில், ஈர வைக்கோல் வாசனைக்கு அடியில், இன்னொரு வாசனை இருந்தது. வெயிலில் இளகிய தாரின் வாசனை. தெருவில் தார் போட்டு ஆண்டுகள் ஆயிற்று. அவள் மூச்சை இழுத்து எங்கிருந்து வருகிறது என்று தேடினாள். அவன் பேசும்போது வந்தது. பேச்சை நிறுத்தினால் நின்றது.

அந்த வாசனையை அவளுக்குத் தெரியும். ஜூலை மாதத்தில் ஒரு நாள் இதே வீட்டில் அது வந்தது.

நகராட்சிக்காரர்கள் குடிநீர்க் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டியபோது, இவர்கள் வீட்டு வாசற்படியையும் பெயர்த்தார்கள். படிக்கு அடியில், ஒரு முழ ஆழத்தில், கடப்பாரை எதிலோ பட்டு மந்தமாக ஒலித்தது. எடுத்துப் பார்த்தால் இரண்டு மண் கிண்ணங்கள். சோறு போட்டுச் சாப்பிடுகிற அளவு. ஒன்றன் வாயோடு ஒன்று பொருத்தி, சுற்றிலும் கறுப்பாகத் தார் பூசி ஒட்டியிருந்தது.

அது என்னவென்று ரஸ்மியாவுக்குத் தெரியும். மேட்டில் அந்த மாதிரிக் கிண்ணங்கள் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் தனியாக, எப்போதும் கவிழ்ந்தபடி, பழைய வீடுகளின் வாசலுக்கு அடியிலோ மூலையிலோ. உள்ளே மையால் எழுதிய எழுத்து நடுவிலிருந்து விளிம்புவரை சுருண்டு சுருண்டு ஓடும். நடுவில் கைகால்களில் சங்கிலியோடு ஒரு உருவம். பாக்தாதிலிருந்து வருகிற டாக்டர் சுஹைலா ஒருமுறை தேநீர் வேளையில் அவளுக்கு விளக்கியிருந்தாள்.

"ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால இங்க இருந்த யூதர்கள் எழுதினது. அவங்க முன்னோர்களைப் பாபிலோன் ராஜா கைதியாப் பிடிச்சிட்டு வந்தான்ல, அவங்க வழி. திரும்பிப் போகாம இங்கயே தங்கிட்டவங்க. யூதர்கள் மட்டுமில்ல, எல்லாச் சாதியும் எழுதி வாங்கிப் புதைச்சிருக்காங்க."

"எதுக்கு டாக்டர்?"

"பேய் வீட்டுக்குள்ள வராம இருக்க. வந்தா சிக்கிக்க. ஆம்பளைக்குப் பொண்டாட்டி மாதிரி வருமாம், பொம்பளைக்குப் புருஷன் மாதிரி வருமாம். அதனால விவாகரத்துச் சீட்டு மாதிரியே எழுதியிருக்கு. பேரைச் சொல்லி, அம்மா பேரையும் சொல்லி, 'உன்னை விலக்கிட்டேன், உன் சீட்டை வாங்கிக்கோ, இந்த வாசல் உன் கண்ணுக்குத் தெரியாமப் போகட்டும், இந்தப் படி உன் காலுக்குத் தட்டாமப் போகட்டும்'னு." டாக்டர் சிரித்தாள். "ஆனா ரெண்டை ஏன் சில வீட்டுல வாயோட வாய் ஒட்டினாங்கன்னுதான் யாருக்கும் புரியல. ஒண்ணு பிடிக்க, இன்னொண்ணு மூடவோ என்னமோ."

ஆனால் ஜூலை மாதத்தில் டாக்டர் இல்லை, மேட்டில் வேலையும் இல்லை. ஒப்படைக்க வேண்டும் என்று ரஸ்மியா சொல்லி முடிப்பதற்குள், உள்ளே தங்கம் இருக்கும் என்று மாமியார் ரொட்டி திருப்பும் கம்பியைத் தார்ப் பூச்சுக்குள் நுழைத்து நெம்பிவிட்டாள். ஒரு கிண்ணம் கீழே விழுந்து நொறுங்கியது. உள்ளே தங்கம் இல்லை. ஒரு முட்டை ஓடு மட்டும், முழுசாக, காகிதம் போல மெலிந்து, மேலே பொடி எழுத்தோடு. காற்றுப் பட்டதும் அது தானாகவே உள்வாங்கித் தூளாயிற்று. தாரின் வாசனை வீடு முழுக்க எழுந்தது, புதிதாகக் காய்ச்சியது போலச் சூடாக.

"த்தூ" என்றாள் மாமியார். உடைந்த கிண்ணத்தின் துண்டுகளைக் குழிக்குள் தள்ளினார்கள். குழாய் வந்தது, சிமெண்டு வந்தது. மற்றக் கிண்ணத்தில் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தார்கள். கோழிகள் அதில் குடிக்கவில்லை.

இதையெல்லாம் பாயில் படுத்தபடி அவள் நினைத்துப் பார்த்தாள். பயம் வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. எட்டு வருடம் சிறையில் இருந்தவன் மேல் தார் வாசனை வரலாம். பாத்திரத்தை நிமிர்த்தலாம். தூங்காமல் இருக்கலாம். அவன் தூங்கவே இல்லை. மதியத்தில் மல்லாந்து, கண் திறந்து, கூரையில் எதையோ படிப்பது போல விழிகளைச் சுற்றிச் சுற்றி உருட்டிக்கொண்டு கிடந்தான்.

அப்போதுதான் அவள் இன்னொன்றைக் கவனித்தாள்.

நாணல் பாய் சத்தம் போடும். பூனை நடந்தாலும் சரசரக்கும். மாமியார் புரண்டால் நொறுங்கும். அவன் எழுந்தான். பாயின் நீளம் முழுக்க நடந்து வந்தான். அவள் தலைமாட்டில் குனிந்தான்.

பாய் சத்தமே போடவில்லை.

"தூங்கலியா?" என்றான், தார் வாசனையோடு.

"தூங்கறேன்" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

*

இன்திஸார் அப்பாவை விட்டு நகர்வதில்லை. அதுவரை அவள் சண்டைக்காரி. ரொட்டியில் கருகிய பக்கம் தனக்கு வந்தால் ஊரைக் கூட்டுவாள். இப்போது வைத்ததைச் சாப்பிட்டாள். சில நாள் அதையும் விட்டாள்.

"பசிக்கலியாடி?"

"இல்லம்மா."

"வெளிய போய் விளையாடேன். ராயித் கூப்பிடறான் பாரு."

"அவன் ரொம்பச் சத்தம் போடறான்" என்றாள் குழந்தை.

உதட்டின் நிறம் போய்க்கொண்டிருந்தது. மாமியாருக்கு அது தெரியவில்லை. "அப்பன் பாசம்டி, பிள்ளை அடங்கி இருக்கு. இவ்வளவு நாள் அப்பன் இல்லாமத்தானே ஆடிச்சு" என்றாள். கண்ணேறு பட்டிருக்கும் என்று நஜீபா நீலமணி ஒன்று கொண்டுவந்து சட்டையில் குத்திவிட்டாள். ஒரு மதியத்துக்குள் அது இரண்டாகப் பிளந்து கீழே கிடந்தது.

ஒரு நாள் நண்பகலில் ரஸ்மியா கண்ணயர்ந்துவிட்டாள். மின்சாரம் போய்க் கூலர் நின்றதில் விழிப்பு வந்தது. வீடு சட்டென்று ஓசையற்றுப் போயிருந்தது. வியர்வை காதோரம் இறங்குவது கேட்கிற அளவு அமைதி. அரைக் கண்ணில் பார்த்தாள். இன்திஸார் எழுந்து தண்ணீர்ப் பானையை நோக்கி நடந்தாள். பாயின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை. வெறுங்காலோடு.

சத்தம் இல்லை.

ரஸ்மியா தன் கையை மெல்ல நகர்த்திப் பார்த்தாள். அவளுக்குக் கீழே பாய் சரசரத்தது.

குழந்தை திரும்பினாள். அவனும் திரும்பினான். இருவரும் ஒரே மாதிரி, கழுத்தை மட்டும்.

அப்போதும் அவளுக்குப் பயம் வரவில்லை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது. சோறு பொங்கி வழிந்தால் மூடியைத் தூக்குவது போல, யோசிக்காமல், கை தானாகத் தெரிந்துகொண்டது.

மறுநாள் மாமியார் தர்காவுக்கு நேர்ச்சை கொடுக்கப் போனாள். மதிய வெயில் தெருவை வெள்ளையாக்கியிருந்தது. அவன் உள்ளே மல்லாந்து கிடந்தான். ரஸ்மியா கோழிக் கூண்டுக்குப் போனாள். கிண்ணத்திலிருந்த தண்ணீரைக் கொட்டினாள். எழுத்து அழியாமல் இருந்தது. நடுவில் சங்கிலி இருந்தது. சங்கிலிக்குள் இருந்த உருவம் இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

வாசற்படியில் குழாய்க்காரர்கள் பூசிய சிமெண்டின் ஓரம் விண்டிருந்தது. கரண்டியால் கிளறி, மண்ணைக் கையால் அள்ளிக் குழி செய்தாள். கிண்ணத்தைக் கவிழ்த்தாள். மண்ணைத் தள்ளினாள். அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். பிறகு அந்த வார்த்தைகளை, டாக்டர் சொன்ன மாதிரியே, பெயரோடு, அம்மா பெயரோடு சொன்னாள்:

"ஸக்கியாவின் மகன் ஹாத்திமே, உன்னை விலக்கிட்டேன். உன் சீட்டை வாங்கிக்கோ. இந்த வாசல் உன் கண்ணுக்குத் தெரியாமப் போகட்டும். இந்தப் படி உன் காலுக்குத் தட்டாமப் போகட்டும்."

அவள் தலைக்கு மேல் தார் வாசனை வந்தது.

அவன் வாசலுக்கு உள்பக்கம், நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகவோ. பக்கத்தில் இன்திஸார் அவன் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் முகத்தில் கோபம் இல்லை. மரியாதையாக, ஒருவர் தொழுது முடிக்கக் காத்திருப்பது போல நின்றான்.

"முடிஞ்சுதா?"

அவள் உள்ளங்கையை மண்ணிலிருந்து எடுத்தாள்.

"நல்லாச் சொன்னே. ஒரு வார்த்தை பிசகல. பலிக்கும்." அவன் காலை எடுத்து வைத்து, புதைத்த மண்ணின் மேலேயே மிதித்து நின்றான். அடியில் கிண்ணம் விரிசல் விட்ட சத்தம் கேட்டது. "ஆனா ரஸ்மியா, என்னைப் பெத்தவ பேரு ஸக்கியா இல்லையே."

அவள் மண்டியிட்டபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"என் பேரும் ஹாத்திம் இல்ல" என்றான். "தேநீர் போடு. பிள்ளைக்கும் சேர்த்துப் போடு."

அவள் எழுந்து போய்த் தேநீர் போட்டாள்.

*

அதற்குப் பின் நாட்கள் போயின. அவள் ரொட்டி சுட்டாள், துணி துவைத்தாள். பாத்திரங்களைக் கவிழ்ப்பதை விட்டுவிட்டாள். செய்ததை நினைத்தால் எங்கோ தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது. அந்தக் கதவுவரை அவளால் போக முடியவில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் காலை நஜீபாவின் அலறல் கேட்டது. அவள் கணவன் பெயர் வானொலியில் வந்துவிட்டது. மறுநாள் மதியத்துக்குப் பின் கைதிகளின் பேருந்து ஊர்ச் சதுக்கத்துக்கு வரும் என்றார்கள்.

"வாடி உம் இன்திஸார், நீயும் வா! உன் பங்குக்கு நான் குலவை போட்டேன்ல, எனக்கு நீ போடணும்ல?" என்று நஜீபா மதில் மேலேயே ஏறிவிட்டாள். கண்ணுக்கு மை போட்டிருந்தாள், பாதி அழுது பாதி சிரித்து அது கன்னமெல்லாம் ஓடியிருந்தது.

"நீ போ. நான் பின்னால வரேன்."

"வராட்டி மூணு வருஷத்துக்கு உன்னோட பேச மாட்டேன் பாத்துக்கோ!"

பேருந்து வரும் நேரத்தில் தெருவே காலியாயிற்று. மாமியாரும் போனாள். தூரத்தில் மேளம் கேட்டது, வானத்தை நோக்கித் துப்பாக்கி வெடிக்கும் சத்தம் கேட்டது. கூடத்தில் அவனும் குழந்தையும் உட்கார்ந்திருந்தார்கள். ரஸ்மியா வாசலைத் திறந்து படியில் நின்றாள். வெயில் முகத்தில் அறைந்தது.

தெருக்கோடியில் ஒருவன் வந்துகொண்டிருந்தான். கூட்டத்திலிருந்து நழுவித் தனியாக வந்திருக்க வேண்டும். கைதிகளுக்குக் கொடுக்கிற மஞ்சள் சட்டை, அளவு பெரிது. முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. முன்பல் இல்லை. கையில் ஒரு துணிமூட்டை. எந்த முகத்தோடும் அது ஒத்துப்போகவில்லை. ஆனால் அவன் வலது தோளை இறக்கி, தானிய மண்டியில் கோதுமை மூட்டை சுமந்து சுமந்து இறங்கிப்போன அந்தத் தோளை இறக்கி, ஒரு பக்கமாக நடந்து வந்தான்.

அந்தத் தோளை ரஸ்மியாவுக்குத் தெரியும்.

மரத்துப்போன காலில் ரத்தம் திரும்புகையில் முதலில் கூச்சம், பிறகு ஊசி, பிறகு தாங்க முடியாத எரிச்சல். அப்படித்தான் வந்தது. விரல் நுனியில். தொண்டையில். எட்டு வருடமும் ஒன்றாக.

"ஹாத்திம்!"

அவன் திரும்பவில்லை.

"ஹாத்திம்! இங்க! நான் இங்க நிக்கறேன்!"

அவன் நஜீபா வீட்டைப் பார்த்தான். தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு இந்தப் பக்கம் பார்த்தான். அவள் நிற்கும் இடத்தையே பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான்.

"இது உம் ராயித் வீடு... அதுக்கடுத்தது..." தனக்குத் தானே பேசினான். குரல் உடைந்திருந்தது. "இந்தச் சுவரு நான் பூசினதாச்சே."

மூட்டையைக் கீழே வைத்தான். சுவரில் கை வைத்தான். குருடனைப் போல உள்ளங்கையால் தடவிக்கொண்டு நடந்தான். ஒரு அடி. இன்னொரு அடி.

படியிலிருந்து இறங்க அவள் காலைத் தூக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. பின்னாலிருந்து அவள் தோளில் ஒரு கை இருந்தது, கனமே இல்லாமல்.

சுவரைத் தடவி வந்த உள்ளங்கை கதவு நிலைக்கு வந்தது.

நிற்கவில்லை.

அது அவள் முகத்தின் மேல் வந்தது. காய்ப்புக் காய்த்த கை. சூடான கை. நெற்றி, கண், மூக்கு, வாய் என்று, வெயிலில் காய்ந்த மண்பூச்சைத் தடவுவது போல மெதுவாகத் தடவிக்கொண்டு போனது. விரலிடுக்கு வழியே அவன் கண்களை அவள் பார்த்தாள். இரண்டு சாண் தூரத்தில். அவை அவளைப் பார்க்கவில்லை. கை மறுபக்கச் சுவருக்குப் போயிற்று.

அங்கே அவன் நின்றான். கையைத் திருப்பிப் பார்த்தான். ஈரமாக இருந்தது. முகர்ந்தான். சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"சுவரு கசியுதே" என்றான். "குழாய் போட்டிருப்பாங்க."

சுவர் முடிகிற இடம்வரை போனான். வானத்தைப் பார்த்தான். திரும்பினான். முதலிலிருந்து மறுபடி தடவ ஆரம்பித்தான்.

"அம்மா." இன்திஸார் சத்தமில்லாமல் அவள் இடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்று வெயிலை எட்டிப் பார்த்தாள். "யாரைம்மா கூப்பிடறே? தெருவுல யாருமே இல்லையே."

உள்ளங்கை சுவர்மேல் உரசிக்கொண்டு வந்தது. நிலைக்கு வந்தது. ரஸ்மியா கண்ணை மூடவில்லை. விரித்த விரல்களோடு அது மறுபடி அவள் முகத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.